வாங்கும் கையின் கணக்கு

1905-ஆம் ஆண்டு ஜான் டி. ராக்பெல்லர் ஒரு கிறிஸ்தவ மிஷன் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'அமெரிக்கன் போர்டு' என்ற அந்த அமைப்பு நமக்கு அந்நியமானதல்ல. 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் மிஷன் பணியைத் தொடங்கியது அதுதான். மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அதன் வழிவந்ததே. கொடை பற்றிய செய்தி வெளியானதும் முதலில் எதிர்த்தவர்கள் அந்த அமைப்பைத் தாங்கிநின்ற சபைகளின் போதகர்கள். ரயில் கம்பெனிகளுடன் ரகசியமாகக் கட்டணச் சலுகை பேசிச் சிறு எண்ணெய் வணிகர்களை ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி எப்படி ஒழித்துக்கட்டியது என்பதை ஐடா டார்பெல் 1902 முதல் பத்திரிகைத் தொடராக எழுதி, அமெரிக்காவே அதைப் படித்து முடித்திருந்த நேரம் அது. எதிர்ப்பின் முகமாக இருந்தவர் ஒஹையோ மாநிலப் போதகர் வாஷிங்டன் கிளாடன். இந்தப் பணத்தை வாங்கிவிட்டால், அது வந்த வழியைப் பற்றிச் சபை இனி வாய் திறக்க முடியுமா என்பது அவருடைய கவலை.

போர்டின் பதில் இன்றைக்கும் எந்த அறக்கட்டளை அலுவலகத்திலும் கேட்கக்கூடியது. கொடுப்பவரின் மனசாட்சியை விசாரிப்பது எங்கள் வேலையல்ல, பணம் இப்போது நல்ல காரியத்துக்குச் சொந்தம் என்றார்கள். நாய் விற்ற காசு குரைக்குமா என்று நம்மூரில் கேட்பதன் பாஸ்டன் வடிவம். பிறகுதான் வேடிக்கை. கொடை தானாக வந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, போர்டே ராக்பெல்லரைத் தேடிப்போய்க் கேட்டு வாங்கியது என்ற விவரம் வெளிவந்தது. பணம் திருப்பித் தரப்படவில்லை. இந்த விவகாரத்தில் மிகவும் சங்கடமான பகுதி அந்த விவரம்தான் என்று நினைக்கிறேன். கொடையாளியின் பாவத்தைப் பற்றி ஊரே பேசியது. வாங்கியவர்கள் செய்த காரியத்தைப் பற்றிப் பேச்சு எழ அத்தனை நாள் ஆயிற்று. கறைபட்ட பணத்தை வாங்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இன்றுவரை நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

கேள்வி மிகப் பழையது. மத்தேயு நற்செய்தியில் யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுகளை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான். இரத்தக் காசு என்பதால் அதைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது என்று குருக்கள் முடிவு செய்கிறார்கள். ஆனால் வெளியூர்க்காரர்களைப் புதைக்க ஒரு நிலம் வாங்க அதே காசு போதுமானதாக இருக்கிறது. கொலைக்கு அந்தக் காசைக் கொடுத்ததே அவர்கள்தான் என்பதை மறந்துவிட்டால், நேர்த்தியான நிர்வாக முடிவு! மனுஸ்மிருதி யாரிடமெல்லாம் பிராமணன் தானம் வாங்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. கசாப்புக்காரர், செக்காட்டுபவர், மது விற்பவர், பாலியல் தொழிலை நம்பிப் பிழைப்பவர் என்று பத்துப் பத்து மடங்காக ஏறிக்கொண்டே போய், உச்சியில் அரசன் நிற்கிறான். அரசனை அங்கே வைத்தது சுவாரசியமான துணிச்சல். ஆனால் செக்காட்டுபவர் யாருக்கு என்ன கேடு செய்தார்? அந்தப் பட்டியல் தீட்டைக் கணக்கிடுகிறது, தீங்கை அல்ல. நவீனக் கண்டனங்களிலும் இந்தத் தீட்டு மனநிலை அவ்வப்போது எட்டிப்பார்ப்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்த்தவர்களில் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் முக்கியமானவர். தவறாக வந்த பொருளை அவர் மூன்றாக வகுத்தார். முதலாவது, திருட்டும் கொள்ளையும் வட்டியும்: அந்தப் பொருளுக்கு உரியவர் வேறொருவர், அதைத் தானம் செய்யும் உரிமையே வைத்திருப்பவருக்குக் கிடையாது, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, திருச்சபைப் பதவியை விற்பது போன்றவை: கொடுத்தவர் வாங்கியவர் இருவருமே குற்றவாளிகள் என்பதால் இருவருக்கும் அது சேராது, ஏழைகளுக்குப் போகட்டும். மூன்றாவதற்கு அவர் காட்டும் உதாரணம் பாலியல் தொழில்: செயல் தவறு, ஆனால் பணம் யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை, எனவே அதை வைத்துக்கொள்ளலாம், தர்மமும் செய்யலாம். ஆனால் பலிபீடத்தில் காணிக்கையாக வைக்கக் கூடாது. பாரிஸில் நோத்ர் தாம் பேராலயம் எழுந்த காலத்தில் நகரத்துப் பாலியல் தொழிலாளிகள் அதற்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் தர முன்வந்ததாகவும், அவர்களுடைய வாழ்க்கையை அங்கீகரித்தது போலாகிவிடும் என்று ஆயர் மறுத்துவிட்டதாகவும் ஒரு பதிவு உண்டு. பணத்தை எங்கே செலவழிப்பது என்பதும் கொடுத்தவரை எங்கே நிறுத்துவது என்பதும் இரு வேறு கேள்விகள் என்று இடைக்காலத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் வகையை நம்மவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. பிள்ளையார் மேல் குற்றமில்லை. ஆனால் கடைக்காரர் வந்து நின்றால் என்ன செய்வது? கடைக்காரர் சார்பில் அன்னை தெரசாவிடம் ஒருவர் வந்து நின்றார். அமெரிக்க நிதி வணிகர் சார்லஸ் கீட்டிங் தெரசாவின் பணிகளுக்குப் பன்னிரண்டரை லட்சம் டாலர் கொடுத்திருந்தார். அவருடைய சேமிப்பு நிறுவனம் மூழ்கியபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் முதியவர்கள், வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். 1992-இல் தண்டனை விதிக்கப்படவிருந்த நேரத்தில் கீட்டிங்குக்குக் கருணை காட்டும்படி தெரசா நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர்களில் ஒருவர் பதில் எழுதினார்: அந்தப் பணம் யாருடையது என்பதை விளக்கி, அதைத் திருப்பித் தாருங்கள், உரியவர்களிடம் சேர்க்க நான் உதவுகிறேன் என்று கேட்டார். அவருக்குப் பதில் வரவில்லை என்று 1995-இல் தெரசாவைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதிய கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் சொல்கிறார்.

பணம் ஏற்கனவே நோயாளிகளுக்குச் செலவாகியிருக்கும், எங்கிருந்து எடுத்துத் தருவது என்று தெரசாவுக்காக வாதாடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் நீதிபதிக்கு எழுதிய கடிதத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. கொல்கத்தாவின் கஞ்சிப் பாத்திரத்துக்காகப் பணத்தை வாங்கியது ஒரு செயல். கலிபோர்னியா நீதிமன்றத்தில் கொடையாளிக்காகத் தன் பெயரைக் கொடுத்தது வேறொரு செயல். கிளாடன் அஞ்சியது வாய் அடைபடும் என்று மட்டும்தான். இங்கே வாய் கொடையாளிக்காகவே திறந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே வகைச் சிக்கலைத் திவால் சட்டம் வேறு விதமாகக் கையாண்டது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனம் சரிந்தபோது, அதன் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைட் வாரி வழங்கிய நன்கொடைகள் வாடிக்கையாளர் பணத்தோடு கலந்தவை என்று தெரியவந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஐந்தரை லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அவருக்கு நெருக்கமான எஃபெக்டிவ் வென்ச்சர்ஸ் அறக்கட்டளை சுமார் 2.68 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வரும்போது விவாதத்துக்கு அதிக வேலையில்லை.

கணக்குப் புத்தகம் இல்லாத இடத்தில்தான் வேலை. கர்நாடகச் சுரங்க அதிபரும் அப்போதைய அமைச்சருமான ஜனார்த்தன ரெட்டி 2009-இல் திருப்பதி ஏழுமலையானுக்கு வைரக் கிரீடம் சாத்தினார். மதிப்பு 40 கோடி ரூபாய்க்கு மேல் என்றார்கள். 2011-இல் சட்டவிரோதச் சுரங்க வழக்கில் அவர் கைதானதும் கிரீடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது 2025 மே மாதத்தில். மறு மாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கொடைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள். நீதிமன்றம் சொல்லட்டும் என்று காத்திருக்கும் நிறுவனம் நடைமுறையில் எதையும் முடிவு செய்யாமல் இருந்துவிடலாம். தீர்ப்புக்கு முன்பே அறங்காவலர்கள் நீதிபதிகளாகிவிடுவதும் ஆபத்துதான். ஊர்வாயில் விழுந்த நிரபராதியும் கொடையாளி ஆகலாமே.

சாக்லர் குடும்பத்தின் கதை அக்வினாஸின் மூன்றாம் வகையை நம் காலத்துக்குக் கொண்டுவந்தது. குடும்பத்துக்குச் சொந்தமான பர்டூ ஃபார்மா 1996-இல் ஆக்சிகான்டின் என்ற வலிநிவாரணியை விற்பனைக்கு விட்டது. அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-இல் அந்நிறுவனத்தின் இணை நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல். ஆனாலும் லூவ்ர், டேட், கூகன்ஹைம், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகச் சுவர்களில் சாக்லர் பெயர் அசையாமல் இருந்தது. பசுவைக் கொன்று செருப்பைத் தானம் செய்த கதை.

அசைத்தவர் நான் கோல்டின் என்ற புகைப்படக் கலைஞர். அந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர். 2018 மார்ச்சில் அவரும் தோழர்களும் மெட்ரோபாலிடனின் சாக்லர் பகுதிக்குள் போனார்கள். எகிப்திலிருந்து பெயர்த்துவந்த டெண்டூர் கோயில் அங்கே ஒரு நீர்த்தடாகத்தின் கரையில் நிற்கிறது. மாத்திரைக் குப்பிகளைத் தடாகத்தில் எறிந்துவிட்டுச் செத்தவர்கள் போல் தரையில் படுத்தார்கள். அடுத்த ஆண்டு கூகன்ஹைமின் சுழல்பாதை மேலிருந்து மருந்துச் சீட்டு வடிவத் தாள்களைப் பனிபோலக் கொட்டினார்கள். 2019-இல் லண்டன் தேசிய உருவப்பட அரங்கின் பத்து லட்சம் பவுண்டு கொடை கைவிடப்பட்டது. லூவ்ர் பெயரை நீக்கியது. 2021 டிசம்பரில் மெட்ரோபாலிடனும் நீக்கியது.

இதில் கவனிக்கத் தவறிவிடுகிற ஒரு தேதிக் கணக்கு உண்டு. மெட்ரோபாலிடனின் அந்தப் பகுதிக்கு மூன்று சாக்லர் சகோதரர்கள் பணம் கொடுத்தது 1970-களில். அது திறக்கப்பட்டது 1978-இல். ஆக்சிகான்டின் அப்போது பிறக்கவே இல்லை. மூத்த சகோதரர் ஆர்தர் 1987-இலேயே இறந்துவிட்டார். ஆக, அந்தக் கட்டடம் எழும்பிய பணத்தில் இந்த மருந்தின் கறை கிடையாது. பணத்தின் தூய்மைதான் பிரச்சினை என்றால் பெயரை நீக்கியது அநியாயம்; ஆர்தரின் குடும்பத்தார் தங்களுக்காக வாதிடுவதும் ஏறக்குறைய இதைத்தான். எனினும் நீக்கியது சரி என்றே எனக்குப் படுகிறது. மருந்து விற்ற காலத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பை நாள்தோறும் தந்துகொண்டிருந்தது சுவர். கோல்டின் குறிவைத்ததும் அருங்காட்சியகத்தின் பழைய வங்கிக் கணக்கை அல்ல. கொடை என்பது இரு பக்கமும் கைமாறும் பரிமாற்றம். ஒரு பக்கம் பணம். மறு பக்கம் பெயர், மரியாதை, சில சமயம் மௌனம். நிறுவனம் பதிலுக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால்தான் இந்த வழக்குகள் பலவும் பிடிபடுகின்றன.

அப்படியானால் பெயரே இல்லாமல் வாங்கிக்கொண்டால்? சட்ட அறிஞர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 2019-இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: குற்றவாளியிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அவருக்குப் பெருமை சேராதபடி ரகசியமாக வாங்குவதே குறைந்த தீமை. பின்னணி, எம்.ஐ.டி.யின் மீடியா லேப். சிறுமியரைப் பாலியல் தொழிலுக்கு இழுத்ததில் 2008-இல் தண்டனை பெற்ற ஜெஃப்ரி எப்ஸ்டீனிடம், எம்.ஐ.டி. 2002 முதல் 2017 வரை எட்டரை லட்சம் டாலர் வாங்கியிருந்தது. அதில் ஏழரை லட்சம் தண்டனைக்குப் பிறகு. மூத்த நிர்வாகிகள் சிலருக்குத் தெரிந்தே, கொடைகள் சிறியவையாகவும் பெயரில்லாமலும் இருக்க வேண்டும் என்று 2013-இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டதாக நிறுவனம் நியமித்த விசாரணை அறிக்கை சொல்கிறது. மீடியா லேப் இயக்குநர் ஜோய் இட்டோ பதவி விலகினார்.

பெயரில்லாக் கொடைக்கு நம்மிடம் உண்டியல் இருக்கிறது. போட்டவர் யார் என்று பூசாரிக்கும் தெரியாது, பரிவட்டமும் கிடையாது. ட்யூப் லைட்டின் வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதிவைப்பவர்களைவிட உண்டியல்காரர் மேலானவர் என்பதில் சந்தேகமில்லை. லெஸ்ஸிக் மனத்தில் இருந்தது உண்டியல். எம்.ஐ.டி.யில் நடந்தது வேறு: கொடையாளியை வாங்குபவர்களுக்கு நன்றாகத் தெரியும், வெளியே மட்டும் தெரியாது. அந்த ரகசியம் காப்பாற்றியது நிறுவனத்தின் முகத்தை. எப்ஸ்டீன் வளாகத்துக்குள் வந்துபோனார், அறிஞர்களோடு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்திலேயே ஹார்வர்டு இன்னும் தெளிவான பாடம். 2008 தண்டனைக்குப் பிறகு அவர் பணம் வேண்டாம் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. எடுத்தபடி நடந்தும் கொண்டது. ஆனால் அதற்குப் பிறகும் ஓர் ஆய்வு மையத்துக்கு அவர் நாற்பது தடவைக்கு மேல் வந்துபோனதாக 2020-இல் வெளியான அதன் சொந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது. பணத்தை மறுத்துவிட்டு மரியாதையை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள்.

மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதைக் கண்டனக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. 2018-இல் லண்டனில் ஆண்கள் மட்டுமே அழைக்கப்பட்ட ஒரு நிதி திரட்டும் விருந்தில் பரிமாற வந்த பெண்கள் சீண்டப்பட்டதாகச் செய்தி வந்ததும், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை அந்த அமைப்பு முந்தைய ஆண்டுகளில் தந்திருந்த 5,30,000 பவுண்டைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மருத்துவமனையின் பெயர் காப்பாற்றப்பட்டது. சீண்டப்பட்ட பெண்களுக்கு அதனால் ஒரு காசும் போகவில்லை. திருப்பித் தந்தால் குறைவது குழந்தைகளுக்கான நிதி. இது எனக்குச் சரியான முடிவாகத் தோன்றவில்லை. இனி வாங்க மாட்டோம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். திருப்பிக் கொடுப்பதானால் பாதிக்கப்பட்டவரிடம் போக வேண்டும். கொடுத்தவரிடமே போனால் அவருக்கு லாபம்தான். இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையமும் ஏற்பதையே தொடக்கப்புள்ளியாக வைத்து, மறுக்கத் தக்க காரணம் வேண்டும் என்கிறது. அரசுகளுக்கும் இதே கணக்குதான். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த கள்ளுக்கடை வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். குடிகாரர் கொடுக்காததைக் குடிக்காதவரும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. மதுவிலக்கு கூடாது என்று சொல்ல வரவில்லை. மறுத்தவர் மாற்று வழியையும் தானே தேடினார் என்பதற்காகச் சொல்கிறேன்.

காலம் கடந்த கறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், ஊழல் புகாரில் பதவி இழந்தவர். அவருடைய காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1718-இல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. கூடவே 417 புத்தகங்கள். பதிலுக்குக் கல்லூரி தன் பெயரையே கொடுத்தது. உலகத்திலேயே மலிவான பெயர்ப்பலகை அதுவாகத்தான் இருக்கும். யேல் பல்கலைக்கழகம் அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது, பெயர் மாறவில்லை. ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரி சற்றுக் கூடுதலாகச் செய்தது. பார்பேடோஸ் கரும்புத் தோட்ட அதிபர் கோட்ரிங்டன் பெயரை நூலகத்திலிருந்து எடுத்தது. பார்பேடோஸ் கல்லூரி ஒன்றுக்கு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. கரீபிய மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தியது. அவருடைய சிலை மட்டும் உள்ளேயே நிற்கிறது.

இந்தத் தலைப்பில் எழுதும் மேல்நாட்டு ஆசிரியர்கள் கண்ணில் படாத ஒரு சம்பவம் தூத்துக்குடியில் நடந்தது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதமே அரசு ஆலையை மூடியது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையில் நாடு ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, ஆலையின் உரிமையாளரான வேதாந்தா உச்ச நீதிமன்றத்தில் சொன்னது: எங்கள் ஆலையில் நாளுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் ஆக்சிஜன் தயாரிக்க முடியும், இலவசமாகத் தருகிறோம். ஊரில் உடனே எதிர்ப்பு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு, இது ஆலையைத் திறக்கும் கொல்லைப்புற வழி என்ற சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. தமிழக அரசு முதலில் தயங்கியது; பிறகு அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, நான்கு மாதங்களுக்கு மட்டும், ஆக்சிஜன் மட்டும் என்று ஒப்புக்கொண்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு. தாமிரப் பிரிவுகளுக்குள் நுழையக் கூடாது. ஏப்ரல் 27 அன்று அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், இந்த உத்தரவால் வேதாந்தாவுக்குச் சாதகமான எந்த உரிமையும் உருவாகாது என்பதையும் எழுதிவைத்தது.

மூச்சுத் திணறுகிறவரின் படுக்கையருகே நின்றுகொண்டு, அந்த உருளை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கேட்க முடியாது. கொடையை ஏற்றே ஆக வேண்டியிருந்தது. ஆனால் பதிலுக்கு என்ன கொடுக்க மாட்டோம் என்பதை வாங்கும்போதே எழுத்தில் வைத்தார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று, ஆலையைத் திறக்கக் கோரிய வேதாந்தாவின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021-இல் தந்த ஆக்சிஜனால் அந்த வழக்கில் நிறுவனத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

தூத்துக்குடிக்கு நிபந்தனை எழுதித்தர உச்ச நீதிமன்றம் இருந்தது, கண்காணிக்க ஆட்சியர் இருந்தார், விழித்திருக்க ஊர் இருந்தது. அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாத முதியோர் இல்லத்துக்கு இவை எதுவும் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொன்ன பிறகு, காசோலையோடு பேனரையும் புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இல்லத்தை நடத்துகிற அம்மாள் அவர்களிடம் நிறுவனத்தின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, வாங்கத்தான் வேண்டியிருக்கும். பேனரை மட்டும் மாட்டாமல் விட முடியுமா, ஆண்டு விழா மேடையில் அவர்களுக்கு நடு நாற்காலியைப் போடாமல் இருக்க முடியுமா, நாளை அந்த ஆலையைப் பற்றி யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்ல முடியுமா என்பவை பணம் வரும் முன்பே அவர் முடிவு செய்துவைக்க வேண்டியவை. பணம் மேசைக்கு வந்த பிறகு இவற்றை யோசிக்க உட்கார்ந்த நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கின்றன.